தங்கமாரிக்கு எத்தனை நாளா வலி

ஆறு மாசந்தான் டாக்டர். அதான் வார்டுல அவனே சொன்னானே. என்னத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டாலும் அதேதான். என்ன, படத்துல எலும்பப் பாத்தா அப்படித் தெரியலையா? அது சரி.

இல்ல, உக்காரல, பரவால்ல. சொந்தமெல்லாம் இல்லங்க. எம்.ரெட்டியபட்டிக்குப் பக்கத்துல ஊரு. நான் அந்தக் கபடி டீமப் பாத்துக்கிடுறவன். இருபது வருசம் மும்பையில கப்பல் கம்பெனி ஆபீஸுல இருந்தேன். வந்த புதுசுல ஒரு பய மதிக்கல. டீக்கடையில உக்காந்தா, மும்பைக்காரரே, லீவு எப்ப முடியுதும்பாக. டீம எடுத்து நடத்தவும்தான் சின்னத்துரைன்னு ஒரு ஆளு இருக்கிறதே தெரிஞ்சுச்சு. இப்ப பொங்கலுக்குப் பொங்கல் பிளக்ஸ்ல என் படத்தத்தான் பெருசாப் போடுறாக. மாலை ஒண்ணுதான் பாக்கின்னு என் வீட்டுக்காரி சிரிக்கா.

அந்தப் பேரெல்லாம் என்னால வந்ததில்ல டாக்டர். தங்கமாரியால. நீங்க அவன் பாடிப் போயிப் பாத்ததில்லையே. கை எங்கயோ போக்குக் காட்டும், தொடுறது காலாத்தான் இருக்கும். அப்படி ஒரு நீட்டு நீட்டுவான். பாலவனத்தம் மேட்சுல நீட்டின காலு அங்கிட்டு, இடுப்பப் புடிச்சவன் இங்கிட்டு இழுக்கான். அண்ணே, கவட்டுக்குள்ள துணி கிழிஞ்ச மாதிரி இருக்குண்ணேன்னான். சொல்லிட்டு, அடுத்த பாட்டுக்கும் போனான்.

எப்பவா? அது... இருங்க, அதுக்கு வாரேன்.

இருளாண்டி அண்ணன்னு ஒருத்தரு, சுளுக்கு வழிப்பாரு. அவர்ட்ட கூட்டிட்டுப் போனோம். அந்த எடத்துல வழிக்க அவருக்கும் கூச்சம், இவனுக்கும் கூச்சம். வெளக்கெண்ணெயத் தடவிக் கண்ண மூடிக்கிட்டே வழிச்சாரு. அப்படி வழிச்சா வலி போயிருமா?

வெளிய மஞ்சப் பையோட உக்காந்திருக்கே, அதுதான் அவன் அம்மா, ஒச்சம்மாக்கா. காட்டு வேலைக்குப் போறது. தம்பி, பய இருமுனாக்கூட அடிவயித்துல கையக் குடுத்துல்ல இருமுறான், இது சுளுக்குத்தானான்னு ஒரு நாள் கேட்டுச்சு. சுளுக்குத்தாங்க்கான்னேன். அதுக்குப் பெறகு கேக்கல. எங்க ஊருல அப்படித்தான் டாக்டர். இங்கிலீஷ்ல எந்தத் தாளு வந்தாலும் நேரா என் வீட்டுக்குத்தான் வரும், கரண்டு ஆபீஸோ, கோர்ட்டோ, ஆஸ்பத்திரியோ. நான் படிச்சுச் சொன்னா அதுதான். இன்னொருத்தர்ட்டக் கொண்டுபோயிக் காமிச்சா என்னைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆயிரும்னு நினைக்கிற சனங்க.

வலிக்கு ஊசியா? போட்டுக்கிட்டான். மேட்சுக்கு மேட்சு. மருந்துக்கடை மொக்கையன்தான் போட்டு விட்டான். அவனத் திட்டாதீக, போடச் சொன்னது நான். எத்தனைன்னு எண்ணல.

ஏன் ஆறு மாசம்னு சொன்னான்னா... காலையில ரவுண்ட்ஸ் வந்தப்ப நீங்கதான சொன்னீக, புதுக் கிழிசல்னா தச்சுவிட்டு மூணு மாசத்துல ஆட எறங்கிரலாம், நாள்பட்டதுன்னா எலும்போரமும் கெட்டிருக்கும், திரும்ப ஆடுவான்னு உறுதி சொல்ல முடியாதுன்னு. போலீஸ் செலக்‌ஷனுக்கு இன்னும் நாலு மாசம் இருக்கு. நீங்க அந்தப் பக்கம் போகவும் பய வெரல விட்டு எண்ணுறான். அவன் எண்ணுறதப் பாத்துக்கிட்டு நான் எதச் சொல்ல?

நீங்க விட மாட்டேங்கிறீகளே. சும்மா எழுதி வைக்கத்தான் கேக்குறீகன்னு நினைச்சேன். ஓ... வலை வச்சுத் தைக்கிறதோட விடணுமா, உள்தொடைத் தசையையும் சேத்துத் தளத்தி விடணுமான்னு அத வச்சுத்தான் முடிவு பண்ணுவீகளா. அப்ப நாளத் தப்பாச் சொன்னா, வெட்டும் தப்பாப் போயிரும்.

ஃபேன் ஓடுதுல்ல? வேர்க்குது.

மல்லாங்கிணறு ஃபைனலுக்குப் பத்து நாளுதான் டாக்டர் இருந்துச்சு. பத்து நாளுல என்ன ஆயிரப் போகுதுன்னு நினைச்சேன். செயிச்சோம். தோளுல தூக்கிட்டுப் போனாக, அவனையில்ல, என்னைய. மறுநாள் சொல்லிரலாம்னு பாத்தேன், அதுக்குள்ள அடுத்த ஊருக்காரன் வந்து நிக்கான். ஒரு தடவை சுளுக்குன்னு சொல்லியாச்சு. அப்புறம் அந்தத் தாயிட்டப் போயி என்னன்னு மாத்திச் சொல்ல? ஒவ்வொரு மேட்சு முடியவும், இதோட சொல்லிருவோம், இதோட சொல்லிருவோம்னு... ஊர விட்டே திரும்பப் போயிரலாமான்னுகூட இருந்துச்சு. அவன் விட்டாத்தான? எதுக்கெடுத்தாலும் அண்ணனக் கேட்டுக்கிடுறேன்பான். இந்த ஆபரேசனுக்குக் கையெழுத்துப் போடும்போதுகூட, படிக்கவேயில்ல, என் மூஞ்சியத்தான் பாத்தான்.

இந்தாங்க. மடிப்புல நைஞ்சு போயிருக்கு, பாத்துப் பிரிங்க. ஆமா, ஸ்கேன் ரிப்போர்ட்டுதான், பாலவனத்தம் மேட்சு முடிஞ்சு, வழிச்சும் கேக்காமப் போயி எடுத்தது. தேதி மேல இருக்கும் பாருங்க, வார மாசத்தோட ரெண்டு வருசம். கிழிஞ்சிருக்கு, சர்ஜனப் பாக்கணும்னு கடைசி வரியில போட்டிருக்கு. அவனுக்குத் தெரியாது டாக்டர். அருப்புக்கோட்டை பஸ்ஸுல உக்காந்துதான் படிச்சேன். என்னண்ணே போட்டிருக்குன்னான். வெறும் சுளுக்குத்தானாம்டான்னேன். அப்பாடான்னு என் தோளுல சாஞ்சு தூங்கிட்டான்.