தண்ணீருக்குப் பதிலாகத் தொட்டியில் நான் உட்கார்ந்தது பற்றி

ஓயாமல் பேசுவதால் என்னை ரேடியோ அக்கா என்றால்தான் இந்தக் கட்டிடத்தில் தெரியும். வயது நாற்பத்தெட்டு. விடுதி ஒன்றில் பாத்திரம் கழுவுகிறேன். இரண்டாம் மாடியில், படிக்கட்டுக்கு எதிர்வீட்டில் கணவருடன் வாடகைக்குக் குடியிருக்கிறேன். படிப்பு, கையெழுத்துப் போடும் அளவுக்கு.

போலீஸ் ஐயா விசாரிக்க வந்தபோது நான் குளியல் தொட்டிக்குள் தண்ணீர் இல்லாமல், முழு உடுப்போடு, மடியில் மாவு மூட்டையுடன் உட்கார்ந்திருந்தது உண்மை. எழுந்து மரியாதை செய்யாததும் உண்மை. இந்த வாக்குமூலத்தையும் தொட்டிக்குள்ளிருந்தே சொல்கிறேன், ஐயா எழுதுகிறார்.

தொட்டியைச் சுற்றிச் சுவரில் ஒட்டியிருந்த பலகைகள் ஊறி உப்பி, இடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்கி, கீழ்வீட்டில் சொட்டியது. ஓனரிடம் சொன்னோம். அவர் பலகை மாற்றித் தர மறுத்ததோடு, இன்னொரு தடவை சொட்டினால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார். இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்த என் கணவர் இன்னும் படியிறங்க முடியாதவர். அதன்பின் நானே மாற்றிவிடுவது என்று முடிவு செய்து, தச்சு வேலை செய்யும் கொழுந்தனாரைக் கூப்பிட்டேன்.

பழைய பலகைகளைக் கடப்பாரையால் நெம்பி எடுத்து, பின்னால் இருந்த பூஞ்சையைச் சுரண்டி, சுவரைக் காயவிட்டு, அதன்பின் ஊறாத புதுப் பலகைகளைப் பசை வைத்து ஒட்டினோம். நெம்பியது நான். சுவரை இடித்தார் என்று கொழுந்தனார் பேரில் ஓனர் போலீசில் கொடுத்த புகார் தவறு.

அதன்பின் பலகைகள் சேரும் மூலையிலும், பலகையும் தொட்டியும் சேரும் இடுக்கிலும், நீர் புகாமல் அடைக்கும் சிலிக்கான் பசை பூச வேண்டியிருந்தது. தொட்டியில் தண்ணீர் நிரப்பி அமுங்கவைத்துத்தான் பூச வேண்டும், காயும்வரை அந்தப் பாரம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிறகு ஆள் இறங்கும்போது இடுக்கு விரிந்து கிழியும் என்றார் கொழுந்தனார். குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. இடிக்கும் சத்தம் கேட்ட ஓனர் தண்ணீரை மூடிவிட்டுப் புகார் கொடுக்கப் போயிருந்தார். கொழுந்தனார் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அண்ணி, தப்பா நினைக்காதீங்க. நீங்க உக்காந்தா போதும்."

"உங்கண்ணன் இத்தனை வருஷமா குண்டு குண்டுன்னு சொன்னதுக்கு இன்னைக்குத்தான்பா ஒரு உபயோகம்" என்று சொல்லி இறங்கி உட்கார்ந்தேன். போதாததற்கு மாவு மூட்டையையும் தூக்கி மடியில் வைத்தார். அதன்பின் பூசினார்.

அதன்பின் ஐயாவும் ஓனரும் வந்து எழுந்திருக்கச் சொன்னார்கள். "எந்திரிச்சா இது பிளந்துக்கும், ஐயா. பிளந்தா நாங்க தெருவுக்கு வந்துடுவோம். காஞ்சதும் எங்க கூப்பிட்டாலும் வரேன். இப்பவே வேணும்னா தொட்டியோட தூக்கிக்கங்க" என்றேன்.

காய்ந்தபின் தண்ணீரைத் திறந்து, கீழ்வீட்டில் சொட்டுகிறதா என்று ஓனரே பார்க்கட்டும், சொட்டாவிட்டால் காலி செய்யும் பேச்சே கூடாது என்று கேட்டேன். ஐயா ஓனரைப் பார்த்தார். ஓனர் தலையாட்டினார். இனிமேல் குளித்ததும் பலகையைத் துணியால் துடைப்பேன், ஆசிட் போட்டுத் தேய்க்க மாட்டேன், இடுக்கு கறுத்தால் சுரண்டிப் புதிதாகப் பூசுவேன்.

ஐயா படித்துக் காட்டினார், கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, சொன்னதெல்லாம் நிஜம். எழுதும்போது ஐயா மூலையில் சாய்ந்து நின்றதில், அங்கிருந்த ஈரச் சிலிக்கானில் அவருடைய சட்டையின் வலது தோள் ஒட்டிக்கொண்டது. காயும்வரை அசைய வேண்டாம் என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன். சம்மதித்து நிற்கிறார்.

(கையெழுத்து)