மூன்றாம் கட்டை

தம்பி பஹ்மி, கயிற்றை வெயிலில் காயப்போடாதீர்கள். நிழலில் காய்ந்தால்தான் சீக்கிரம் இற்றுப்போகாது. பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல், எந்த வாரம் எந்தத் தகப்பன் தண்ணீரில் இறங்குவது என்ற முறைக் கொப்பி, விசில், எல்லாம் இந்தத் தகரப் பெட்டியில் இருக்கின்றன. திங்கட்கிழமை முதல் பெற்றார் சங்கத்துக்கு நீங்கள்தான் தலைவர்.

ஒப்படைக்கும்போது எதையும் விடக்கூடாது. நான்கு வருஷத்துக்கு முன் ஒருவரிடம் ஒப்படைத்தபோது ஒன்றை விட்டேன். நீங்கள் ஊருக்குப் புதியவர் என்பதால் அதையும் எழுதிவைக்கிறேன்.

நம் பிள்ளைகள் ஓயா என்கிற இந்தச் சிற்றாற்றைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போக வேண்டும். மரப்பாலம் வெள்ளத்தில் போனதிலிருந்து தகப்பன்மார் ஐந்து பேர் கயிற்றைப் பிடித்துத் தண்ணீரில் வரிசையாக நின்று, பிள்ளைகளைக் கைக்குக் கை மாற்றி அக்கரை சேர்க்கிறோம். எண்ணிக்கையைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். முதல் பிள்ளைக்கு ‘ஒண்டு’ என்பதில்லை. கடையில் அரிசி அளக்கிற மாதிரி ‘லாபம்’ என்போம். லாபம், ரெண்டு, மூணு. இது நான் கொண்டுவந்த வழக்கம். யார் லாபமாக இறங்குவது என்று பிள்ளைகளுக்குள் தினமும் சண்டை நடக்கும்.

ஒன்பது வருஷம் அந்த விசில் என் கழுத்தில் தொங்கியது. பழைய பாலத்தின் மூன்று மரக்கட்டைகள் இன்னும் கரைச்சரிவில் கீழிருந்து மேலாக நிற்கின்றன. தண்ணீர் மூன்றாவது கட்டையைத் தொட்டுவிட்டால் நான் விசில் ஊதமாட்டேன். பிள்ளைகள் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். மற்ற தகப்பன்மாருக்கு இந்தக் கணக்குத் தெரியாது. விசில் கேட்டால் இறங்குவார்கள், அவ்வளவுதான். நாவலப்பிட்டிக் கடைத்தெருவில் எனக்குக் கிடைத்த மரியாதை எல்லாம் அந்த விசிலுக்குத்தான். அதில் எனக்குப் பெரிய சந்தோஷம் இருந்தது, மறைப்பானேன்.

1933இல் தேயிலைத் தொழிற்சாலைக் கிளாக்கர் சேதுராமன் இங்கே குடிவந்தார். நல்ல மனிதர். ஓயாவுக்குப் பாலம் கேட்டுக் கண்டியில் அரசாங்கக் கச்சேரிக்கு இங்கிலீஷில் ஒரு மனு எழுதி, சங்கக் கூட்டத்தில் வாசித்தார். அவரே தலைவராக இருக்கட்டும் என்றார்கள். நானும் கை உயர்த்தினேன். பாலம் வந்துவிட்டால் விசில் எதற்கு, நான் யார் என்று வீடு வரும்வரை யோசித்துக்கொண்டே நடந்தேன்.

மறுநாள் என் அரிசிக் கடைக்கு வந்தார். எல்லாவற்றையும் கொடுத்தேன்.

“மழை நாளையில ஒண்ட மட்டும் பாத்துக்கோங்க. தண்ணி மூணாம் கட்டைக்கு வந்தா புள்ளைகள எறக்க வாணாம்,” என்றேன்.

அவர் கொப்பியில் எழுதிக்கொண்டார். “சரிங்க மொதலாளி. மூணாம் கட்டையில ரோட்டுக்குத் தண்ணி ஏறியிருக்கான்னு ஆள் அனுப்பிப் பாத்துட்டே எறக்குறேன்.”

மைல்கல்லையும் நாம் கட்டை என்றுதானே சொல்கிறோம். மூன்றாம் மைலில் இதே ஓயா ரோட்டுக்கு அடியில் போகிறது. அந்த ரோடு மேடு. அங்கே தண்ணீர் ஏறியதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. அவர் எந்தக் கட்டையை நினைத்தார் என்று எனக்கு உடனே விளங்கியது.

“ஓம், பாத்துக்கோங்க,” என்றேன். தேத்தண்ணி வரவழைத்துக் கொடுத்தேன்.

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நான் சொன்னது சரி, அவர் விளங்கிக்கொண்டது பிழை. ஒருநாள் தடுமாறட்டும், நாலு பேர் என்னைத் தேடி வரட்டும் என்றுதான் நினைத்தேன்.

ஜூன் மாதம், மூன்று நாள் விடாத மழை. கடையில் ராக்கம்மாவுக்கு அரிசி அளக்கக் கொத்தைக் கையில் எடுத்தேன். மூன்றாம் மைலுக்குப் போய்வந்த ஆள் ரோட்டில் தண்ணீர் இல்லை என்று கூவியது கேட்டது. விசில் கேட்டது. நான் “லாபம்” என்று முதல் கொத்தைச் சாக்கில் கொட்டினேன். ஓயாவிலிருந்தும் “லாபம்” என்று சேதுராமனின் குரல் வந்தது. ரெண்டு என்று யாரும் சொல்லவில்லை.

அன்று லாபமாக இறங்கியவள் அவருடைய மகள் இராஜகுமாரி. ஏழு வயது. அவர் கையாலேயே இறக்கியிருக்கிறார். இரண்டு நாள் கழித்து ஓயா மகாவலியில் சேருகிற இடத்தில் கண்டெடுத்தார்கள்.

மூன்றாம் கட்டையில் தண்ணீர் இல்லையே என்று அவர் புலம்பியதைக் கேட்டு, ஓயாவின் மரக்கட்டைகளை யாரோ அவருக்குக் காட்டியிருக்கிறார்கள். அடக்கம் முடிந்ததும் கடைக்கு வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்க சரியாத்தான் சொன்னீங்க மொதலாளி. எனக்குத்தான் வெளங்கல,” என்றார்.

மரண விசாரணையிலும் அதையே சொன்னார். அடுத்த மாதம் வேலையை விட்டு ஊரைவிட்டுப் போனார். மனு அதோடு நின்றது. நாலு பேர் என்னைத் தேடி வந்தார்கள். விசில் மறுபடியும் என் கழுத்துக்கு வந்தது. யாருக்கும் என்மேல் சந்தேகம் இல்லை.

அதன்பிறகு நான் அரிசி அளக்கும்போது முதல் கொத்தைச் சத்தமில்லாமல் கொட்டுகிறேன். இருந்தும் ஓயாப் பக்கமிருந்து லாபம் என்று கேட்கிறது. கொத்தைப் பிடித்தபடி ரெண்டுக்காகக் காத்து நிற்கிறேன். வாங்க வந்தவர்கள் என் முகத்தைப் பார்க்கிறார்கள். பயமாக இருக்கிறது, தம்பி. அதனால்தான் கடையை விற்கிறேன், விசிலையும் உங்களிடம் தருகிறேன்.

மூன்று கட்டைகளுக்கும் சுண்ணாம்பு அடித்திருக்கிறேன். என் கடை வாசலில் நின்றாலே நன்றாகத் தெரியும். முன்பும் தெரியும்.

என் மகள் மஸீனா அன்று வரிசையில் இல்லை. காய்ச்சல் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். காலையில் கடையைத் திறக்க வந்தேன், மூன்றாவது கட்டையைத் தண்ணீருக்கு மேல் காணவில்லை. திரும்பி வீட்டுக்குப் போனேன். படியிறங்கிக்கொண்டிருந்தவளின் கையிலிருந்த சிலேட்டை வாங்கி அலுமாரி மேல் வைத்தேன். பிறகு வந்து கடையைத் திறந்தேன்.