கண்டுக்காம போ

சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துக்கொள்ளுங்கள். அப்புறம் வராது.

நடந்தது என் சிநேகிதனின் மச்சானுக்கு. கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவர். நடுராத்திரி. ஊருக்கு வெளியே, மீன் கிடங்குச் சாலை... ஒரு விளக்கு கிடையாது. இவர் பைக் சத்தம் மட்டும்.

அந்தக் கிடங்கின் உறைபனி அறைக்கு அபாய மணி அடிப்பது இவருடைய புரோகிராம்தான். கதவு வெளியிலிருந்துதான் திறக்கும். உள்ளே மாட்டிக்கொண்டவர் பொத்தானை அமுக்கினால் மாடி ஆபீஸ் கம்ப்யூட்டர் அலறும். யாராவது ஓடிப்போய்த் திறப்பார்கள்.

முதலில் புரோகிராமோடு ஒரு கறுப்பு ஜன்னலும் திறந்துகொள்ளும். ஏதாவது தப்பு வந்தால் அதில் எழுத்து ஓடும். மேனேஜருக்கு அது ஆகவில்லை.

"என்னங்க இது, இழவு வீடு மாதிரி? எடுத்துடுங்க."

எடுத்துவிட்டார். இனி தப்பு வந்தால் எதில் காட்டுவது? அதை யோசிக்கச் சோம்பல். ஒரே வரி எழுதிப் போட்டார்: என்ன தப்பு வந்தாலும் கண்டுக்காம போ.

போனது. ஒரு ராத்திரி ஸ்பீக்கர் ஒயர் கழன்று கிடந்தது. புரோகிராமுக்குத் தெரியும், யாரிடமும் மூச்சு விடவில்லை. உள்ளே மாட்டிக்கொண்டவர் வாட்ச்மேன்; மாடியில் இன்னொரு காவலாள் இருந்தும் சத்தமே வரவில்லை. எல்லோருக்கும் மப்ளர் அண்ணன். காலையில்தான் கதவைத் திறந்தார்கள்... விறைத்துச் செத்துக் கிடந்தார்.

அதைச் சரிசெய்யத்தான் அன்று போனார். ராத்திரிக் காவலுக்கு அப்புறம் ஆளே கிடைக்கவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டு மேனேஜர் கிளம்பிவிட்டார். தப்பு வந்தால் திரையில் பெட்டி விழும்படி மாற்றினார். ஓட்டிப் பார்த்தார்.

டிங்.

பெட்டி. கீழே 'சரி' என்று ஒரு பொத்தான். மேலே ஒரு வரி.

"கண்டுக்காம போயிடாதீங்க தம்பி."

அவர் அப்படி எதுவும் எழுதவில்லை. ஆனாலும்... உள்ளே யாராவது இருந்தால்? கீழே ஓடினார். கதவை இழுத்துத் திறந்து உள்ளே போனார். மீன் வாடை. ஒருவரும் இல்லை.

பின்னால்... டொக். கதவு.

பொத்தானை அமுக்கினார். அமுக்கிக்கொண்டே இருந்தார். மாடியில் கேட்க ஆளில்லை, அது அவருக்கே தெரியும். விரல் மரத்துப்போனது. செத்தோம் என்று அழுதே விட்டாராம் மனுஷன்.

அப்போது மாடிப்படியில் காலடிச் சத்தம். மெதுவாக... இறங்கி வந்தது. தாழ்ப்பாள் கிரீச்சென்றது. கதவு திறந்தது.

வெளியே யாரும் இல்லை.

மாடிக்குப் போய்ப் பார்த்தார். பெட்டியைக் காணோம். யாரோ 'சரி' அமுக்கியிருந்தார்கள். மவுஸைத் தொட்டவர் கையை உதறிக்கொண்டார்.

சுட்டுவிரல் படுகிற இடத்தில் மட்டும், வெள்ளையாக, உறைபனி.