ஐஸ் கம்பெனி முதலாளியம்மா வாய் திறந்த நாள்

இவ்வளவு நேரம் நானே பேசிட்டு இருக்கேன். இப்ப ஒரு சின்னக் கதை சொல்றேன், கேளுங்க. கடைசி வரிசையில எழுந்திருக்கிற அண்ணே... உட்காருங்க. டீ ஆறாது.

தெக்கத்திக் கடற்கரையில ஒரு மீன்பிடித் துறைமுகம். அங்க ஒரு ஐஸ் கம்பெனி. முதலாளி ஒரு அம்மா. பேரு லூர்து மேரி. ஊரே 'லூர்தக்கா'ன்னு கூப்பிடும்.

அவங்க அப்பா போய்ச் சேர்ந்தப்போ அந்தக் கம்பெனி பூட்டிக் கிடந்துச்சு. மெஷின் பூரா உப்புக்காத்துல துருவேறிக் கிடக்கு. சொந்தபந்தம் என்ன சொல்லுச்சு? "பேசாம பழைய இரும்புக்குப் போட்டுட்டு நிம்மதியா இரும்மா."

லூர்தக்கா கேட்கல. "ஓடலன்னா, ஏன் ஓடலன்னு பார்க்கணும்"னாங்க. ஒவ்வொண்ணாக் கழட்டிப் பார்த்தாங்க. நல்லா இருக்கறதை வெச்சுக்கிட்டாங்க, கெட்டதை மாத்தினாங்க. கம்பெனி ஓடுச்சு. சும்மா ஓடல... துறைமுகத்துல பாதிப் படகு அவங்க ஐஸை ஏத்திக்கிட்டுத்தான் கடலுக்குப் போகும்.

அப்பேர்ப்பட்ட முதலாளி... நாலு பேர் நடுவுல வாய் திறக்க மாட்டாங்க. ஏன்? அவங்களுக்குத் திக்கும்.

சின்ன வயசுல பள்ளிக்கூட விழாவுல மேடையேறினாங்க. முதல் வார்த்தையே வரல. நின்னாங்க... நின்னாங்க... கூட்டமே சிரிச்சிருச்சு. அன்னைக்கு இறங்கினவங்கதான். கல்யாண வீட்டுல யாராவது "நீங்க யாரும்மா?"ன்னு கேட்டாக்கூட, தங்கச்சி ஜெனோவாதான் முந்திக்கிட்டுப் பதில் சொல்லுவா.

இப்படி இருக்கையில ஒரு சேதி வருது. துறைமுகத்தை ஒட்டி இருக்கிற ஐஸ் கம்பெனிகளை எல்லாம் ஊருக்கு வெளியே, பைபாஸ் பக்கம் மாத்தலாம்னு ஒரு திட்டம். சில மாசத்துல அதிகாரி வந்து கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்பாரு.

ஐஸ் கம்பெனிக்காரங்க சங்கத்துத் தலைவர் தொபியாஸ் அண்ணாச்சி தேடி வந்தாரு. "லூர்து, இந்தத் தொழிலோட நெளிவு சுளிவு உனக்குத் தெரிஞ்ச மாதிரி எங்க யாருக்கும் தெரியாது. நீதான் பேசணும்."

அக்கா தலையை ஆட்டிட்டாங்க. முடியாது. அவரு போனதும் தங்கச்சிகிட்ட மெதுவாச் சொன்னாங்க: "நா... நான் அதுக்கெல்லாம் லாயக்கில்லடி."

ஜெனோவா பார்த்தா. "அக்கா, கம்பெனியை இரும்புக்குப் போடச் சொன்னப்போ நீ ஒத்துக்கிட்டியா?"

"இல்ல."

"அப்ப உன்னை மட்டும் ஏன்க்கா இரும்பு விலைக்குப் போடுற?"

யோசிச்சுப் பாருங்க... அந்த அம்மா அழுதுட்டாங்க.

ஆனா அழுதுட்டு அப்படியே உட்காரல. கம்ப்ரஸருக்கு ஒரு சர்வீஸ்கூட தவறவிடாத மனுஷி, தனக்குன்னு முதல் தடவையா வாரத்துல ஒரு நாளை ஒதுக்கினாங்க. பஸ் ஏறி, பேச்சுப் பயிற்சி குடுக்கிற ஒரு டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தாங்க. அந்த டாக்டரம்மா மந்திரம் ஒண்ணும் போடல. "திக்கினா திக்கட்டும். அதுக்குப் பயந்து வாயை மூடிக்காதீங்க. நின்னு, சொல்லி முடிங்க"ன்னாங்க. வாராவாரம் போனாங்க. மீன் ஏலம் நடக்கிற இடத்துல நின்னு பேசிப் பழகினாங்க. சில நாள் நல்லா வந்துச்சு. சில நாள் சுத்தமா வரல. மறுநாளும் போய் நின்னாங்க.

கூட்டம் வந்துச்சு. அண்ணாச்சிமாரெல்லாம் கோபமாப் பேசினாங்க. அதிகாரி எதையும் முகத்துல காட்டிக்கல. "சரி, வேற யாராவது?"ன்னாரு.

லூர்தக்கா எழுந்தாங்க.

"ஐ... ஐ... ஐ..."

பின்னாடி யாரோ சிரிச்சாங்க. அதே சிரிப்பு... பள்ளிக்கூடத்துல கேட்ட அதே சிரிப்பு. பழைய லூர்தக்கா என்ன செஞ்சிருப்பாங்க? உட்கார்ந்திருப்பாங்க. இவங்க நின்னாங்க. மூச்சை விட்டாங்க.

"ஐயா, எனக்குத் தி... திக்கும். கொஞ்சம் பொறுத்துக்கணும். ஆனா சொல்ல வந்ததைச் சொல்லிட்டுத்தான் உட்காருவேன்."

சிரிப்பு நின்னுச்சு.

"எங்களை மாத்தினா நாங்க லாரி வெச்சுப் பொழைச்சுக்குவோம். சின்ன வள்ளம், குட்டிப் படகு வெச்சிருக்கறவரு என்ன செய்வாரு? விடியக்காலையில ஒரே ஒரு ஐஸ் கட்டி வாங்க வர்றவரு. அதுக்காக அவரு பை... பைபாஸுக்கு வண்டி பிடிப்பாரா? மீன் காத்திருக்காது, ஐயா. நாங்க சொல்றதை நம்ப வேண்டாம். ஒரு நாள் விடியல்ல வந்து நீங்களே பாருங்க."

அதிகாரி பேனாவை மூடி வெச்சுட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாரு. "வர்றேம்மா"ன்னாரு.

வந்தாரு. பார்த்தாரு. கொஞ்ச நாள்ல திட்டத்தை மாத்தி எழுதினாங்க. ஐஸ் கம்பெனி ஒண்ணுகூட இடம் மாறல. அடுத்த வருஷம் சங்கத்துக்குத் தலைவர் யாருன்னு நினைக்கிறீங்க? தொபியாஸ் அண்ணாச்சியே மாலையைக் கொண்டுவந்து லூர்தக்கா கழுத்துல போட்டாரு.

ஒருத்தர் கேட்டாரு: "திக்கல் போயிருச்சாக்கா?"

அக்கா சிரிச்சாங்க. "எங்க போ... போகுது? கூடவேதான் இருக்கு. இருந்துட்டுப் போகட்டும். ஆனா முதலாளி நான்தான்."

என் அன்பான சொந்தங்களே... இங்க எத்தனை பேரு கடை நடத்துறீங்க, பட்டறை நடத்துறீங்க, குடும்பமே நடத்துறீங்க. உங்க சரக்கை எவனாவது மட்டமாப் பேசினா விடுவீங்களா? ஒரு மாசம் வியாபாரம் படுத்துட்டா கடையை இடிச்சிருவீங்களா? மாட்டீங்க. எங்க தப்புன்னு பார்ப்பீங்க, நேரம் போடுவீங்க, சரி பண்ணுவீங்க. அந்தப் பொறுமையில பாதியை... வேண்டாம், கால்வாசியை உங்க மேல காட்டியிருக்கீங்களா? 'எனக்கு வராது, நான் இவ்வளவுதான்'னு நீங்களே உங்களைத் தள்ளுபடியில விக்கிறீங்களே, யாரைக் கேட்டு விக்கிறீங்க?

உங்களுக்குக் குறை இருக்கலாம். எனக்கும் இருக்கு. குறை இல்லாத தொழில் எங்கேயும் இல்ல. ஆனா என்னைக்கோ உங்களைப் பார்த்துச் சிரிச்சவன் போட்ட விலையை, இத்தனை வருஷமா உங்க நெத்தியில ஒட்டிக்கிட்டுத் திரியாதீங்க.

அதைக் கிழிச்சுப் போடுங்க. உங்க விலையை இனி நீங்க சொல்லுங்க... உலகம் கேட்கட்டும்.