முகம் காட்டி நடந்தவள்

இரவு பத்தே முக்கால். ஏப்ரல் முப்பது. நூலகத்திலிருந்து மாணவிகள் விடுதிக்குப் போகும் சரளைப் பாதை... ஈ காக்கை இல்லை.

என் அறைத்தோழி மெரிடித்தின் பெரியம்மா டார்லீன் அங்கே தனியாக நடந்துகொண்டிருந்தார். மகள் கெல்சிக்கு எங்கள் பல்கலைக்கழகம் உட்பட இரண்டு இடங்களில் சேர அனுமதி கிடைத்திருந்தது. எதில் சேர்வது என்று மறுநாளுக்குள் சொல்லியாக வேண்டும். இரண்டும் ஆண்டுதோறும் வெளியிடும் வளாகக் குற்ற அறிக்கையில் மூன்று வருடமாகக் கொலைக்கு நேரே பூஜ்யம்.

"அப்புறம் என்னம்மா? நீ போலீஸ் வேலைக்கே போயிருக்கலாம்" என்று சிரித்துவிட்டு மகள் ஓட்டலில் தூங்கிவிட்டாள். டார்லீனுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பிள்ளை தினமும் நடக்கப்போகிற பாதை. இருட்டில் ஒருமுறை தானே நடந்து பார்த்துவிடலாம் என்று வந்திருந்தார்.

ஈரப் புல் வாசனை. காலுக்கடியில் சரளை... சரக்... சரக்.

பத்தடி முன்னால் ஒரு பெண். பல்கலைக்கழகச் சட்டை. முகம் டார்லீன் பக்கம், நடை பின்பக்கமாக. பெற்றோருக்கு வளாகத்தைச் சுற்றிக் காட்டும் மாணவ வழிகாட்டிகள் நாம் எல்லாரும் அப்படித்தானே நடக்கிறோம்? அவர்களுக்கு முதுகு காட்டக் கூடாது. காலையிலும் அப்படிப் பார்த்திருந்ததால் டார்லீன் பயப்படவில்லை.

"இந்நேரத்துல யாருக்கும்மா சுத்திக் காட்டுற?"

"உங்களுக்குத்தான் மேடம்."

அவள் காலடியில் சரளை சத்தமே போடவில்லை... டார்லீன் அதைக் கவனித்தார். ஆனால் அந்தப் பிள்ளையின் உதடு நீலம் பூத்து நடுங்கியது. மனசு கேட்கவில்லை. கழுத்திலிருந்த மப்ளரை அவிழ்த்து நீட்டினார்.

"உன் பேர் என்ன கண்ணு?"

அவள் நின்றாள்.

"நோரீன். செத்த பிறகு... நீங்கதான் முதல்ல கேக்குறீங்க."

டார்லீனுக்கு உள்ளுக்குள் ஜெபம் ஓடியது. ஆனாலும் அவர் ஓடவில்லை. மகள் விஷயம்.

"அறிக்கையில... பூஜ்யம்னு போட்டிருக்கே?"

"வளாகத்துக்குள்ள நடந்தாத்தான் கணக்கு. நான் கொலையாகி விழுந்தது ரெண்டு தெரு தள்ளி, வாடகை வீட்டு வாசல்ல. அஞ்சு நிமிஷ நடை." அந்தக் குரலில் கோபமே இல்லை. "நீங்க நல்லவங்க. உங்க பொண்ணை இங்க அனுப்பாதீங்க."

அவ்வளவு பயத்திலும் டார்லீனுக்கு ஒரு பெருமூச்சு வந்தது. முடிவு தெரிந்துவிட்டதே.

"சரிம்மா. அந்த இன்னொரு இடத்துலயே சேத்துடறேன். அங்கயும் பூஜ்யம்தான்..." சொல்லும்போதே குரல் இறங்கியது. "அங்க... பயமில்லையே?"

நோரீன் டார்லீனின் தோளுக்கு மேலாக, பின்னால் பார்த்தாள். அந்தக் கண்களில் அப்படி ஓர் இரக்கம்.

"அங்கேருந்து வந்தவங்க உங்க பின்னாடிதான் நிக்கிறாங்க மேடம். நீங்களே கேளுங்க."

டார்லீன் திரும்பவில்லை.

பின்கழுத்தில் சில்லென்று மூச்சு பட்டது... ஒரே ஆளுடைய மூச்சு இல்லை.