ஒன்றும் கேட்காததற்கு மைசூர்பாகு

பத்தாவதோடு நின்றவன் நான். எனக்குப் புரியாத விஷயத்தை எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். குன்றத்தூரிலிருந்து ஒரகடம் போகும் கார் கம்பெனி பஸ்ஸில், என் முன் சீட்டில் மல்லிகா, பக்கத்திலிருந்த ரேவதியிடம் மைசூர்பாகு டப்பாவை நீட்டினார்.

“எம் பொண்ணு ஒண்ணும் கண்டுபுடிக்கலன்னு ஆராய்ச்சிப் புஸ்தகத்துல போட்டுட்டாங்க.”

“இன்னாக்கா, அதுக்கா ஸ்வீட்டு?”

“வானத்துல சின்ன கருந்துளை கீது, ரொம்பப் பெரிசும் கீது. நடு சைஸ்தான் சரியா ஆப்புடல. அதத்தான் ஒரு வருசமா இவ ரேடியோ டெலஸ்கோப்புல தேடிகினு இருந்தா.”

“பாட்டு வந்துச்சா?”

“ஒரு சிக்னலும் வரல.”

“அப்ப வருசம் பூரா வேஸ்ட்டுன்னு சொல்லுக்கா.”

மல்லிகா டப்பாவை மூடினார்.

“நீ லைன்ல செக்கிங்தானே? நேத்து எத்தினி ரிஜெக்ட்?”

“ஒண்ணுகூட இல்ல.”

“அப்ப நேத்து சும்மாவா குந்திகினு இருந்த? நீ வெச்ச ஓகே சீல நம்பித்தான் வண்டி ரோட்டுல ஓடுது. எம் பொண்ணும் சீல் வெச்சிகீறா. அந்த எடத்துல கருந்துளை இருந்தாலும் இவ்ளோ எடைக்கு மேல இருக்காதுன்னு.”

ரேவதி கையை நீட்டினார்.

“டப்பாவத் தொறக்கா.”

மறுநாள் மல்லிகா பஸ்ஸில் வரவில்லை. ரேவதி ஒரகடம் வரைக்கும் பக்கத்து சீட்டுக்காரிக்கு நடு சைஸ் கருந்துளையைப் பற்றி விளக்கிக்கொண்டு வந்தார்.