முன்னால் போனவரின் முகம்

இந்த இரங்கல் கூட்டத்திற்குத் தலைமை ஏற்றிருக்கும் ஊர்ப் பெரியவர் மாரப்பன் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் கம்பெனி மேனேஜர் அவர்களே, பந்தலுக்குள் இடமில்லாமல் சைக்கிளைப் பிடித்தபடி வெளியே நிற்கும் என் தோழர்களே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் வேலாத்தாள் அக்கா அவர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

பின்னால் இருப்பவர்கள் சத்தம் கேட்கவில்லை என்று கை காட்டுகிறீர்கள். தெரிகிறது. மைக்கில் பேசுவதையெல்லாம் காற்று அள்ளிக்கொண்டு போகிறது. அங்கமுத்து அண்ணனின் படம் போட்ட பேனரைக் காலையிலிருந்து கட்டிக் கட்டிப் பார்த்தோம். நிற்கவில்லை. கடைசியில் சுருட்டி இந்த மேசைக்கு அடியில் போட்டிருக்கிறோம். அவரைக் கொன்ற காற்று அவருடைய படத்தையும் நிற்க விடமாட்டேன் என்கிறது.

எனக்கு மேடை புதிதல்ல. கம்பெனி கேட்டுக்கு முன்னால் நின்று கத்திக் கத்தியே தொண்டை போனவன் இந்தச் சென்னியப்பன். கழிப்பிடம் கேட்டுக் கத்தியிருக்கிறேன், குடிதண்ணீர் கேட்டுக் கத்தியிருக்கிறேன். இன்றைக்கு எதைக் கேட்டுக் கத்துவது? யாரைப் பார்த்துக் கத்துவது? எனக்கு முன்னால் பேசிய மேனேஜர், அங்கமுத்து லீவே எடுக்காத தொழிலாளி என்று பாராட்டினார். நீங்களும் கை தட்டினீர்கள். நான் தட்டவில்லை. ஏன் தட்டவில்லை என்பதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

அண்ணனைத் தெரியாதவர்களும் இங்கே இருக்கிறீர்கள். அவர் குண்டடத்துக்காரர். கிணறு வற்றிப்போய்ப் பண்ணையத்தை விட்டுவிட்டு, மனைவி வேலாத்தாள் அக்காவின் ஊரான நம் ஊருக்குக் குடிவந்தவர். எண்பதுகளின் தொடக்கத்தில் வீரபாண்டியில் இருக்கிற நம் பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டராகச் சேர்ந்தார். பொழுதுக்கும் நின்றுகொண்டே தேய்க்கிற வேலை. அந்த வேலைக்குப் போக, படியூர்ப் பக்கமிருக்கும் நம் ஊரிலிருந்து நல்லூர் வழியாக வீரபாண்டி வரைக்கும் சைக்கிள் மிதிக்க வேண்டும். பஸ் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. காங்கேயத்திலேயே நிறைந்துவிடும். நம்மைப் பார்த்தால் டிரைவர் கையை ஆட்டிவிட்டுப் போவார்.

ஆகவே நம் ஊரிலிருந்து கம்பெனிக்குப் போகிற எல்லோரும் விடிகிற நேரத்தில் எல்லையிலிருக்கும் வேப்பமரத்தடியில் கூடுவோம், சேர்ந்தே போவோம், சேர்ந்தே வருவோம். சித்திரையில் தார் இளகி டயரில் ஒட்டும். ஐப்பசி மழைக்குப் பேக்கிங்கில் கேட்டு வாங்கிய பாலிதீன் கவரைத் தலையில் மாட்டிக்கொள்வோம். மார்கழியில் கட்டிங்கில் விழுந்த வேஸ்ட் துணியைக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொள்வோம். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஆளுக்கொரு நிறம். நல்லூர் டீக்கடையில் இருப்பவர்கள் கரகாட்டக் கோஷ்டி வருகிறது என்று கேலி பேசுவார்கள். ஒரு வருஷம் அண்ணனுக்கு ரோஸ் கலர்தான் கிடைத்தது. அதையும் கட்டிக்கொண்டு, கடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, "கண்ணாலத்துக்குப் போறனுங்க, எல்லாரும் வந்துருங்க" என்று அழைத்துவிட்டுத்தான் போனார். அப்படிப்பட்ட மனிதர்.

வெயிலைத் தாங்கினோம். மழையைத் தாங்கினோம். பனியைத் தாங்கினோம். ஆனால் ஆனி பிறந்ததும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஒரு காற்று வருமே, அதை என்ன செய்வது? காலையில் நாம் போவது மேற்கே. அது வருவது மேற்கிலிருந்து. மிதிக்க மிதிக்க வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். வாயைத் திறந்தால் மண்.

அதற்காகத்தான் நமக்குள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஒருவர் பின்னால் ஒருவராக, டயரை ஒட்டி டயராக வரிசை கட்டுவோம். முன்வண்டிக்காரர் காற்றை முறிப்பார். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு முதுகு மறைவில் மிதிப்போம். முன்னால் போகிறவருக்கு முடியாமல் போனால் இடது கையைத் தூக்குவார். அடுத்தவர் முன்னே போவார். அவர் கை தூக்காமல் யாரும் அவரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வரிசை உடையும், கடைசியில் வருகிற வயசாளிகள் காற்றில் மாட்டிக்கொள்வார்கள். முன்வண்டி மெதுவாகப் போனால் எல்லோரும் மெதுவாகப் போக வேண்டியதுதான். வேகமாகப் போங்கள் என்று பின்னாலிருந்து சொல்வது மரியாதைக் குறைவு. இது நம் சட்டம். யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் ஒருத்தரும் மீறியதில்லை.

தோழர்களே, அங்கமுத்து அண்ணன் கை தூக்கி உங்களில் யாராவது பார்த்திருக்கிறீர்களா? ஒருத்தராவது? ஆரம்பத்தில் முறை வைத்து மாறி மாறித்தான் போனோம். பிறகு நல்லூர் வரைக்கும் அவரே என்று ஆயிற்று. பிறகு கம்பெனி கேட் வரைக்கும் அவரே என்று ஆயிற்று. யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. அவர் கையைத் தூக்கவில்லை, நாம் கேட்கவில்லை. முன்வண்டி அங்கமுத்து என்று ஒரு பட்டத்தைக் கொடுத்தோம். பட்டம் கொடுத்துவிட்டால் நம் வேலை முடிந்தது அல்லவா!

செக்கிங்கில் வேலை செய்கிற மயிலாள் இங்கே இருக்கிறாள். அவள் முதன்முதலில் சைக்கிளில் வருகிறேன் என்றபோது, ஆண்பிள்ளைகளோடு மெயின் ரோட்டில் ஒரு பொம்பளை சைக்கிள் மிதிப்பதா என்று அவள் அண்ணன் கருப்புசாமி வாசலில் குறுக்கே நின்றார். அங்கமுத்து அண்ணன் அந்த வீட்டுக்கே போனார். "என்ற பொறகால வரட்டுங்க. காத்தும் மேல படாது, பேச்சும் மேல படாது" என்றார். அன்று முதல் அவர் வண்டிக்கு அடுத்த வண்டி மயிலாளுடையது. அதற்கடுத்தது என்னுடையது. அவர் சொன்னபடியே காற்றும் அவள் மேல் படவில்லை, பேச்சும் படவில்லை. மாலையில் அதே காற்று நம்மை முதுகில் தள்ளிக்கொண்டு வரும், மிதிக்கவே வேண்டாம். அப்போது அவர் கடைசியில் வருவார். யாருக்காவது பஞ்சரானால் தனியாக நின்றுவிடக் கூடாதாம்.

இந்த வருஷம் ஆனிப் பாதியிலிருந்தே நம் வரிசை மெதுவாகிவிட்டது. ஞாபகம் இருக்கிறதா? கேட்டில் லேட்டாகப் போய் நின்றோம். என்ன காரணம் சொன்னோம்? இந்த வருஷம் காற்று ஜாஸ்தி என்றோம். சூப்பர்வைசரிடம் சொன்னோம், வீட்டில் சொன்னோம், நமக்குள்ளேயே சொல்லிக்கொண்டோம்.

காற்று ஜாஸ்தி இல்லை, தோழர்களே. காற்று எப்போதும் போலத்தான் வீசிக்கொண்டிருந்தது. தளர்ந்துபோனது அதை முறித்துக்கொண்டிருந்த மனிதர். அவர் மிதி குறையக் குறைய நாமும் மிதியைக் குறைத்துக்கொண்டோம். தாண்டக் கூடாது, தாண்டவில்லை. வேகமாகப் போகச் சொல்லக் கூடாது, சொல்லவில்லை. சட்டம் தவறாமல், மரியாதை குறையாமல், ஒரு மனிதர் சாவதற்குப் பின்னாலேயே வரிசையாகப் போய்க்கொண்டிருந்தோம்.

போன வாரம் நல்லூருக்கு இந்தப் பக்கம், சின்னப் பாலத்தருகே முன்வண்டி நின்றது. பஞ்சர் என்று நினைத்து எல்லோரும் இறங்கினோம். அண்ணன் நிதானமாக வண்டிக்கு ஸ்டாண்டு போட்டார். பாலத்துச் சுவரின் மறைவில் போய் உட்கார்ந்தார். தண்ணீர் எடுத்துக்கொண்டு போன மயிலாள் அவர் முன்னால் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நானும் போய்ப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த முகமே இல்லை அது. இமை இரண்டும் வீங்கியிருந்தன. உதடு நாவல் பழம் தின்றது போலக் கறுத்திருந்தது. செருப்பு வார் புதைகிற அளவுக்குப் பாதம் வீங்கியிருந்தது. அந்தக் காலால்தான் எங்களை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"கேட்டைச் சாத்திப் போடுவாங்க, நீங்க போங்க கண்ணு. காத்துத் தணிஞ்சதும் நான் வாரேன்" என்றார். காற்றுத் தணிவதாவது! ஆடி மாசம் முழுக்கப் பாக்கி இருக்கிறது.

யாரும் போகவில்லை. அதை மட்டும் சொல்லிக்கொள்ளலாம். வந்த பஸ் நிற்கவில்லை. கை காட்டிய லாரியும் நிற்கவில்லை. அவரை என் கேரியரில் உட்கார வைத்து, இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொண்டு கிளம்பினோம். ஆஸ்பத்திரி மேற்கே. அன்றைக்குத்தான், இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான், அந்தக் காற்றை முழுசாக முகத்தில் வாங்கினோம். கொஞ்ச தூரம் போவதற்குள் எனக்கு நெஞ்சை அடைத்தது. ஆள் மாற்றினோம். இறங்கித் தள்ளினோம். ஓடினோம். அவர் தினந்தோறும் நம் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போன தூரம்தான் அது. அவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போக நம் எல்லோராலும் முடியவில்லை.

நல்லூரில் ஒரு ஆட்டோ கிடைத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது உயிர் கொஞ்சம்தான் ஒட்டியிருந்தது. இருதயம் பல வாரமாகவே கெட்டுக்கொண்டு வந்திருக்கிறது, முன்பே கூட்டி வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். முன்பே! அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யட்டும்?

மத்தியானம் வேலாத்தாள் அக்கா வந்து சேர்ந்தபோது அண்ணன் இல்லை. அண்ணனுக்கு முடியவில்லை என்பது அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. முகம் வீங்குகிறது, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று தினமும் சொல்லியிருக்கிறார். ஆடி போகட்டும், காற்று நின்றதும் போகலாம், இப்போது நான் படுத்துக்கொண்டால் அவர்கள் எப்படி வேலைக்குப் போவார்கள் என்று அண்ணன் தள்ளிப்போட்டிருக்கிறார். அதனால்தான், மேனேஜர் அவர்களே, அவர் லீவு எடுக்கவில்லை. உங்கள் பனியனுக்காக அல்ல. அக்கா அழவில்லை. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"ஏஞ்சாமி, இத்தன பேரு கூடப் போனீங்களே, ஒருத்தருமா அவரு மொகத்தப் பாக்கல?"

அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை, அக்கா. சபை நடுவில் இப்போது சொல்கிறேன். பார்க்கவில்லை. காலையில் முன்னால் போனார், முதுகைப் பார்த்தோம். மாலையில் பின்னால் வந்தார், திரும்பிப் பார்க்கவில்லை. மத்தியானம் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார், நாங்கள் சோற்றைப் பார்த்தோம். அவர் சட்டையில் வியர்வை எந்த இடத்தில் ஆரம்பிக்கும், எந்தத் தையல் வரைக்கும் இறங்கும் என்று கேளுங்கள், சொல்வேன். முகத்தைச் சொல்லச் சொன்னால் பாலத்துச் சுவரடியில் பார்த்த அந்த முகம்தான் வருகிறது. வேறு முகம் எனக்கு வரமாட்டேன் என்கிறது.

இப்படிப்பட்ட கூட்டத்தில், அவர் விட்டுச் சென்ற பணியைத் தொடர்வோம் என்று சபதம் எடுப்பது வழக்கம். எப்படித் தொடர்வது? அவர் போன நாளிலிருந்து வேப்பமரத்தடியில் நம் வரிசை கூடவில்லை. வேஸ்ட் பிரிக்கிற நல்லான் பெரியப்பா தனியாகக் கிளம்பி, பாதி வழியில் திரும்பி வந்துவிட்டார். சிலர் வீரபாண்டியிலேயே வாடகைக்கு லைன் வீடு பார்க்கிறார்கள். மயிலாளின் அண்ணன், இனிமேல் யார் பின்னால் போவாய் என்று கேட்டு, அவள் சைக்கிளைப் பூட்டிச் சாவியை எடுத்து வைத்துக்கொண்டார். வேன் விடுவதைப் பற்றி யோசிப்பதாக மேனேஜர் சொன்னார். யோசியுங்கள். நாங்கள் வேன் கேட்க ஆரம்பித்தபோது அண்ணனின் பிடரி முடி கறுப்பாக இருந்தது.

நாளைக் காலையும் இதே காற்றுதான். முன்வண்டி யார்? சொல்லுங்கள், யார்? பார்த்தீர்களா, ஒருத்தர் வாயும் திறக்கவில்லை.

நான் போகிறேன். அவரைப் போல முடியும் என்று சொல்ல மாட்டேன். முடியாது. பாதி வழியில் கை தூக்குவேன். அடுத்தவர் வாருங்கள், அவரும் தூக்கட்டும். லேட்டானால் ஆகட்டும், கேட்டில் நான் பேசிக்கொள்கிறேன். ஆனால் சட்டத்தில் ஒன்றை மாற்றுகிறேன். ஒவ்வொரு பாலம் வந்ததும் இரண்டாவது வண்டி வரிசையை விட்டு விலகி, முன்வண்டிக்குப் பக்கத்தில் வந்து, அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டுத்தான் பின்னால் போக வேண்டும். கருப்புசாமி, அங்கே நிற்கிறீர்கள், தெரிகிறது. சாவியைக் கொடுத்துவிடுங்கள். இரண்டாவது வண்டி மயிலாளுடையது. இது போதுமா? போதாது. செத்த மனிதருக்கு இது எதற்கும் உதவாது. எனக்குத் தெரியும்.

முடிக்கிறேன். இப்போது எல்லோரும் எழுந்து நின்று தலை குனிந்து மௌனம் காக்க வேண்டும் என்று பெரியவர் சொல்லப்போகிறார். மாரப்பன் ஐயா, மன்னிக்க வேண்டும். அவருக்குப் பின்னால் இத்தனை வருஷம் தலை குனிந்துதான் வந்தோம். இன்றைக்கு வேண்டாம்.

மேசைக்கு அடியில் இருக்கிற அந்தப் பேனரை எடுங்கள். கட்ட வேண்டாம், நிற்காது. ஆளுக்கொரு பக்கம் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். இறுக்கிப் பிடியுங்கள், காற்று இழுக்கும். இன்னும் கொஞ்சம் உயர்த்துங்கள். பின்னால் இருப்பவர்களுக்குத் தெரிகிறதா?

எல்லோரும் எழுந்திருங்கள். பாருங்கள், அக்கா. நாங்கள் பார்க்கிறோம்.